காலி நாற்காலி யாருக்கு வசதி?

2025 பிப்ரவரி 5 அன்று ஈரோடு கிழக்குத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. எம்.எல்.ஏ.வாக இருந்த ஈ.வி.கே.எஸ். இளங்கோவன் இறந்தது 2024 டிசம்பர் 14-ல். இரண்டு மாதம் ஆவதற்குள் வாக்குப்பதிவே முடிந்துவிட்டது. அவருக்கு முன்பு அதே தொகுதியில் எம்.எல்.ஏ.வாக இருந்த அவருடைய மகன் திருமகன் ஈவெரா 2023 ஜனவரி 4-ல் இறந்தபோதும் இதே வேகம்தான். பிப்ரவரி 27-ல் மக்கள் ஓட்டுப் போட்டுவிட்டார்கள்.

இரண்டாவது இடைத்தேர்தலுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, 2025 ஜனவரி 5-ல், அதே ஈரோடு மாவட்டத்தின் கிராம ஊராட்சிகள், ஒன்றியக் குழுக்கள், மாவட்ட ஊராட்சி எல்லாவற்றுக்கும் பதவிக்காலம் முடிந்தது. ஈரோடு மட்டும் அல்ல, தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் இதுதான் நிலை. ஒரு எம்.எல்.ஏ. இடத்தை நிரப்ப அத்தனை அவசரம் காட்டிய அமைப்பு, ஆயிரக்கணக்கான ஊராட்சித் தலைவர்களும் பல்லாயிரம் வார்டு உறுப்பினர்களும் ஒரே நாளில் இல்லாமல் போனபோது தனி அலுவலர்களை நியமித்துவிட்டு நகர்ந்துவிட்டது. அந்த ஆண்டு அந்த மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடக்கவில்லை.

இப்படிப்பட்ட நேரங்களில் வழக்கமாக ஒரு சமாதானம் சொல்லப்படும். 'மக்களுக்கு உள்ளாட்சியில் ஆர்வம் இல்லை, யார் வந்தாலும் ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள், அதனால்தான் யாரும் கேட்பதில்லை' என்று. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. தமிழ்நாட்டில் ஓர் உள்ளாட்சி இடம் நீண்ட நாள் காலியாகக் கிடந்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் மக்களின் அலுப்பு அல்ல. அது காலியாகக் கிடப்பது யாருக்கோ வசதியாக இருக்கிறது. அந்த 'யாரோ' சில ஊர்களில் சாதி, பல நேரங்களில் கோட்டை, அதாவது மாநில அரசு.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். எம்.எல்.ஏ., எம்.பி. இடம் காலியானால் 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். மிச்சம் இருக்கும் காலம் ஓராண்டுக்கும் குறைவு என்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. தேர்தலை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். மாநில அரசு வேண்டாம் என்றாலும் அது நடத்தும்.

உள்ளாட்சியில் காலியிடம் இரண்டு வகை. ஒன்று, மன்றம் முழுவதும் காலம் முடிந்து காலியாவது. அரசியலமைப்பின் 73, 74-ஆவது திருத்தங்கள் இதில் கறார்: ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்திவிட வேண்டும், இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள். இன்னொன்று, தனி ஆளின் இடம் காலியாவது. உறுப்பினர் இறக்கலாம், ராஜினாமா செய்யலாம், கூட்டங்களுக்கே வராமல் பதவி இழக்கலாம், தலைவர் என்றால் ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவில் மாவட்ட ஆட்சியரே நீக்கலாம். அரசுத் தாள்களில் இதற்குத் 'தற்செயல் காலியிடம்' என்று பெயர், அதை நிரப்பும் தேர்தலுக்குத் 'தற்செயல் தேர்தல்'. இதில் ஜெயிப்பவருக்குப் புதிதாக ஐந்தாண்டு கிடைக்காது. முன்பிருந்தவர் விட்டுப்போன மிச்சக் காலம்தான். தலைவர் இடம் காலியானால் தேர்தல் நடக்கும்வரை துணைத் தலைவர் பொறுப்பைப் பார்ப்பார்.

இவற்றை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். காகிதத்தில் அதுவும் தன்னாட்சி அமைப்புதான். ஆனால் பணம், ஆட்கள், வார்டு வரையறை, இடஒதுக்கீட்டுப் பட்டியல் எல்லாவற்றுக்கும் அது மாநில அரசின் கையைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். அதனால் நடைமுறையில் வார்டு வார்டாக நிரப்புவது கிடையாது. நூற்றுக்கணக்கில் சேர்ந்த பிறகு ஒரு தேதி குறிப்பார்கள். 2022 ஜூலை 9-ல் அப்படித்தான் 500-க்கும் மேற்பட்ட இடங்களுக்குத் தற்செயல் தேர்தல் அறிவிக்கப்பட்டது. அந்தத் தேர்தலை யாராவது நினைவில் வைத்திருந்தால், ஓ. பன்னீர்செல்வமும் எடப்பாடி பழனிசாமியும் சேர்ந்து கையெழுத்துப் போடாததால் அ.தி.மு.க. வேட்பாளர்களுக்கு இரட்டை இலை கிடைக்காமல் போனதற்காகத்தான் இருக்கும். வார்டுகள் ஏன் காலியாயின, எத்தனை மாதம் காலியாக இருந்தன என்பது எங்கும் பேச்சாகவில்லை.

சரி, மக்களுக்கு ஆர்வம் இல்லையா? எண்களைப் பார்ப்போம். 2022 பிப்ரவரி 19-ல் நடந்த நகர்ப்புறத் தேர்தலில் மொத்த வாக்குப்பதிவு 60.70 சதவீதம். அதைப் பிரித்துப் பார்த்தால்தான் கதை தெரியும். மாநகராட்சிகளில் 52 சதவீதம், நகராட்சிகளில் 68, பேரூராட்சிகளில் ஏறக்குறைய 75. ஊர் சிறுத்தால் ஓட்டு பெருக்கிறது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்த ஊரகத் தேர்தலில் இரண்டு கட்டத்திலும் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுப் போட்டார்கள். கிராமத்தில் ஓட்டுப் போடுவது லேசான வேலையும் இல்லை. ஒரே ஆளுக்கு நான்கு வாக்குச்சீட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். பாட்டிமார்கள் நான்கையும் வாங்கி, முத்திரை குத்தி, மடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்ப்பவர்கள் தீபாவளிக்கு வராவிட்டாலும் 'பிரசிடென்ட் எலெக்ஷனுக்கு' ஊர் வந்து சேர்வார்கள். கிராமத்துத் தேர்தல் என்றால் பங்காளிச் சண்டை, கோயில் கணக்கு, தண்ணீர்க் குழாய் எல்லாம் சேர்ந்தது. அங்கே ஆர்வமின்மையைத் தேடினால் கிடைக்காது.

சென்னைதான் விலக்கு. 2022-ல் அங்கே பதிவானது 44 சதவீதத்துக்கும் கீழே. படித்தவர்கள் பொறுப்பற்றவர்கள் என்று அன்று நிறையப் பேர் திட்டித் தீர்த்தார்கள். வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள், பழைய முகவரியில் தங்கிவிட்ட பெயர்கள், இரட்டைப் பதிவுகள் எல்லாம் இந்த எண்ணைக் கீழே இழுப்பவை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை சென்னையில் கவுன்சிலரே கிடையாது. குப்பை அள்ளவில்லை என்றால் மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குப் போன் செய்யலாம், செயலியில் படம் எடுத்துப் போடலாம், பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதுதான் வழி என்று ஐந்தரை ஆண்டு பழக்கப்படுத்திவிட்டு, திடீரென்று ஒரு சனிக்கிழமை வந்து கவுன்சிலரைத் தேர்ந்தெடுங்கள் என்றால் எத்தனை பேர் வருவார்கள்? அதற்கு முன்பு கவுன்சிலரைப் பார்த்தவர்களும், வீடு கட்டும்போதோ போர்வெல் போடும்போதோ கைநீட்டி வந்து நின்ற ஆளாகத்தான் அவரை நினைவில் வைத்திருந்தார்கள். அலுப்பு இருந்தது உண்மை. ஆனால் காலியிடத்தால் வந்த அலுப்பு அது.

சென்னைக்கு இது புதிதும் இல்லை. மஸ்டர் ரோல் (கூலியாட்களின் வருகைப் பதிவேடு) ஊழல் வெடித்து 1973-ல் கலைக்கப்பட்ட மாநகராட்சி மன்றம் 1996 வரை திரும்பக் கூடவில்லை. ஏறக்குறைய 23 ஆண்டு. ஒரு குழந்தை பிறந்து, படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகியிருக்கலாம். தன் வார்டுக்கு ஒரு கவுன்சிலரை அது பார்த்திருக்காது. 1996-ல் மேயரானவர் மு.க. ஸ்டாலின், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்து. 2001-லும் அவரே ஜெயித்தார். அடுத்த ஆண்டு, ஒரே ஆள் இரண்டு பதவி வகிக்கக் கூடாது என்று ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தது, எம்.எல்.ஏ.வாகவும் இருந்த ஸ்டாலின் மேயர் பதவியை விட்டார். நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரின் இடம் காலி என்றால் தேர்தல்தானே? துணை மேயராக இருந்த கராத்தே தியாகராஜன் 2006 வரை பொறுப்பு மேயராகவே காலத்தை ஓட்டினார். கோடிக்கணக்கில் வரவு செலவு உள்ள ஒரு நகரம் நான்கு ஆண்டு பொறுப்பு மேயரோடு நடந்தது.

இதோடு 2024-ஐ வைத்துப் பாருங்கள். ஜூலை தொடக்கத்தில் கோவை மேயரும் திருநெல்வேலி மேயரும் ராஜினாமா செய்தார்கள். இருவரும் அப்போது ஆண்ட தி.மு.க.; இருவருக்கும் சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களோடே தகராறு. ஆகஸ்ட் முதல் வாரத்தில் இரண்டு ஊருக்கும் புதிய மேயர் வந்துவிட்டார்கள். இப்போது மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் வேலை சுலபம் என்பது சரிதான். ஆனாலும் வேண்டும் என்றால் ஒரு மாதத்தில் முடியும் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

கிராமத்துக்கு வருவோம். அங்கேயும் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி போட்டி கிடையாது. தலைவர் பதவிக்கு அடிதடி. வார்டு உறுப்பினர் இடத்துக்குச் சில ஊர்களில் ஆளைப் பிடித்துவந்து மனு போடவைக்க வேண்டியிருக்கிறது. காரணம் எளிது. காசோலையில் கையெழுத்துப் போடுவது தலைவரும் துணைத் தலைவரும். நூறு நாள் வேலை, வீட்டு வரைபட அனுமதி, தெருவிளக்கு, பைப் லைன் என்று எது நடந்தாலும் அவர்களைச் சுற்றித்தான். தலைவருக்கு அரசு தரும் மதிப்பூதியம் மாதம் 2,000 ரூபாய்தான். அதற்காக யாரும் லட்சங்களைக் கொட்டவில்லை என்பது ஊரறிந்த விஷயம். வார்டு உறுப்பினருக்கு அமர்வுப்படி என்று ஏதோ சில்லறை. அவருக்குத் தெரியாமலே தீர்மானம் எழுதி, பிறகு வீட்டுக்கு நோட்டை அனுப்பிக் கையெழுத்து வாங்கும் ஊர்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடம் பாதியில் காலியாகி, மிச்சம் ஒன்றரை ஆண்டுக்கு ஆள் வேண்டும் என்றால் யாருக்கு மனசு வரும்? இங்கே ஆள் கிடைக்காதது நிஜம்தான். ஆனால் அந்தப் பதவியை வெறும் கையெழுத்தாக்கி வைத்துவிட்டு, மனு போடாதவரைக் குறை சொல்வது நியாயம் இல்லை.

ஒரு வார்டுத் தற்செயல் தேர்தல் இந்தியா முழுவதும் செய்தியானதும் ஒருமுறை நடந்தது. 2021 அக்டோபரில் கோவை குருடம்பாளையம் ஊராட்சியின் 9-ஆவது வார்டில் பா.ஜ.க.வைச் சேர்ந்த ஒருவர் போட்டியிட்டு ஒரே ஒரு ஓட்டு வாங்கினார். வீட்டில் இருப்பவர்கள்கூட அவருக்குப் போடவில்லை என்று சமூக ஊடகங்களில் இரண்டு நாள் சிரிப்பு. கிராம வார்டுத் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. அவர் நின்றது சுயேச்சைச் சின்னத்தில். அவருடைய குடும்பத்துக்கு ஓட்டு இருந்தது வேறு வார்டில். இதையெல்லாம் அவர் விளக்கிச் சொன்னார். கேலி அதற்குள் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. காலியான வார்டுக்குப் போட்டி நடந்தது, அதில் ஒருவர் ஜெயித்துப் பொறுப்பேற்றார் என்ற விஷயம் எங்கேயோ போய்விட்டது. உள்ளாட்சி என்றால் நகைச்சுவைத் துணுக்கு என்று பார்க்கும் பார்வை கிராமத்து வாக்காளரிடம் இல்லை. தொலைவில் இருந்து பார்ப்பவர்களிடம்தான் இருக்கிறது.

இனி, வேண்டுமென்றே காலியாக வைக்கப்பட்ட நாற்காலிகள். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி 1996-ல் முதல் தேர்தல் வந்தபோது மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் யாரையும் மனு போடவிடவில்லை. பிறகு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள்: ஊர் சொல்லும் ஒரு தலித்தை நிறுத்துவது, ஜெயிக்கவைப்பது, பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்யவைப்பது. உடனே இடம் காலி. மறுபடி தேர்தல் அறிவிப்பு, மறுபடி அதே நாடகம். சட்டம் காலியிடத்தை நிரப்பச் சொல்கிறது. அவர்கள் நிரப்பிக் காட்டிக் காட்டியே காலியாக வைத்தார்கள். இப்படிப் பத்து ஆண்டு ஓடியது. சுழற்சி வந்து இடஒதுக்கீடு மாறும்வரை இழுத்தால் போதும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்க வேண்டும்.

2006-ல் கருணாநிதி ஆட்சிக்கு வந்த பிறகு, மதுரை ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசி, அக்டோபரில் அங்கே முறையான தேர்தலை நடத்திக் காட்டினார். நான்கு ஊராட்சித் தலைவர்களையும் சென்னைக்கு அழைத்து 'சமத்துவப் பெருவிழா' எடுத்தார்கள். அதுவரை 'இது ஊர்ப் பிரச்சினை, உணர்ச்சிகரமான விஷயம், நாம் என்ன செய்ய முடியும்' என்று சொல்லிவந்த அதே நிர்வாகம்தான். சட்டம் மாறவில்லை, ஊரும் மாறவில்லை. செய்தே ஆக வேண்டும் என்று மேலே முடிவெடுத்தார்கள், அவ்வளவுதான்.

எல்லா ஊருக்கும் முடிவு விழாவாக அமையவில்லை. இதேபோல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட, மேலூர் பக்கத்து மேலவளவில் மூன்றாவது முயற்சியில், 1996 டிசம்பர் இறுதியில்தான் தேர்தலை நடத்த முடிந்தது. ஜெயித்த முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30-ல், மதுரையில் ஆட்சியரைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் வெட்டிக் கொன்றார்கள். அவர் இறந்ததும் உருவானது, சட்டத்தின் கண்ணில் ஒரு 'தற்செயல் காலியிடம்'. அந்தச் சொல் இந்த இடத்தில் படிக்கக் கூசுகிறது.

பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2021-ல் திருப்பத்தூர் மாவட்டம் நாயக்கனேரி மலை ஊராட்சியின் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே பெரும்பான்மையோர் பழங்குடியினர். மனு போட்டவர் ஒரே ஒரு பெண், போட்டியின்றித் தேர்வானார். ஊர் தேர்தலைப் புறக்கணித்தது, வழக்கு உயர் நீதிமன்றம் போனது, அவர் பதவியேற்கத் தடை வந்தது. மலைவாழ் மக்களின் குறையில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒதுக்கீட்டுப் பட்டியலை எழுதியவர்கள் ஊரைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். ஆனால் தண்டனை போய் விழுந்தது மனு போட்ட அந்தப் பெண்ணின் தலையில்.

நாற்காலி நிரம்பியும் காலியாக இருப்பது வேறு ஒரு வகை. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்கு திட்டையில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளிவந்தது. அதே ஆண்டு சுதந்திர தினத்தில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவரைக் கொடியேற்றவிடவில்லை. ஆட்சியர் நேரில் போய் ஏற்றவைத்தார். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

'போட்டியின்றித் தேர்வு' என்பதையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். 2019-ல் 91,975 இடங்களில் 18,570 பேர் போட்டியின்றி வந்தார்கள். அவர்களில் 18,137 பேர் கிராம வார்டு உறுப்பினர்கள், 410 பேர் ஊராட்சித் தலைவர்கள். இதில் எத்தனை உண்மையான ஒத்த மனது, எத்தனை ஊர்க்கூட்டத்தின் மிரட்டல், எத்தனையில் வேறு யாருக்கும் அக்கறை இல்லை என்பதை எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. அதே தேர்தலில் கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் தலைவர் பதவி 50 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனதாகச் செய்தி வந்தது. பணம் கோயிலுக்குப் போகிறது, ஊருக்கு நல்லதுதானே என்று வாதாடுபவர்கள் உண்டு. ஏலம் எடுத்தவர் அந்தப் பணத்தை எங்கிருந்து திரும்ப எடுப்பார் என்று கேட்டால் அவர்களும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அப்புறம், கோட்டை. 2016 அக்டோபர் 17, 19 என்று தேதி குறித்து, மனுத் தாக்கலும் முடிந்த நிலையில், பழங்குடியினருக்கான சுழற்சி ஒதுக்கீட்டை முறையாகச் செய்யவில்லை என்று தி.மு.க. தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து சில மாதங்களில் நடத்தியிருக்கலாம். வார்டு மறுவரையறை, மேல்முறையீடு, புது மாவட்டங்கள் என்று ஒவ்வொன்றாக வந்து மூன்று ஆண்டு ஓடியது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்கள். புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களோடு சேர்ந்த 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்ததால் அந்த 27 பிறகு 28 ஆனது. 2019 தொடக்கத்தில் எதிர்க்கட்சித் தலைவராக ஊர் ஊராக 'ஊராட்சி சபை' நடத்தி, தேர்தலை ஏன் நடத்தவில்லை என்று கேட்டவர் ஸ்டாலின். அவர் முதல்வராக இருந்தபோது 2025 ஜனவரியில் அதே தனி அலுவலர் ஏற்பாடு வந்தது. அப்போது கேள்வி கேட்பது அ.தி.மு.க. முறையானது. ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கிறோம், மறுவரையறை முடிய வேண்டும் என்பது இம்முறை சொன்ன காரணம். அந்த இணைப்புக்கு எதிராகத்தான், நூறு நாள் வேலை போகும், வரி ஏறும் என்று பல ஊர்கள் சாலைக்கு வந்தன. அவர்கள் சார்பில் பேச வேண்டிய தலைவரும் உறுப்பினரும் அதற்குள் 'முன்னாள்' ஆகியிருந்தார்கள்.

மறுவரையறையைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் மத்தியப் பிரதேச வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. சொன்னதைக் கேட்காதது தமிழ்நாடு மட்டும் இல்லை. பெங்களூருவின் மன்றம் 2020 செப்டம்பரில் முடிந்தது, மும்பையின் மன்றம் 2022 மார்ச்சில். இரண்டு ஊரும் ஆண்டுக்கணக்கில் ஆணையர் ஆட்சியில் கிடந்தன.

மன்றம் இல்லாவிட்டால் என்ன குறைந்துபோகிறது என்று கேட்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஊராட்சிகள் ஏறக்குறைய 12,500, ஒன்றியங்கள் 388. கிராம ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர் பெரும்பாலும் வட்டார வளர்ச்சி அலுவலர். ஆக ஒருவருக்குச் சராசரியாக 30-க்கும் மேற்பட்ட ஊர்கள். எத்தனை நல்லவராக இருந்தாலும் அவரால் எந்தத் தெருவில் மோட்டார் எரிந்துபோனது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் வர வேண்டும் என்றால் ஊராட்சிச் செயலர் ஒன்றிய அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தால்தான் நிதிக்குழு மானியம் என்று மத்திய அரசு நிபந்தனை வைத்திருப்பதால் அந்தப் பணமும் தடைப்படும். 2016-க்குப் பிறகு அப்படித் தடைப்பட்டது. தலைவர் ஊழல் செய்தால் திட்டுவதற்கு ஊருக்குள் ஓர் ஆள் இருப்பார், இரவு பத்து மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் போய்க் கேட்கவும் செய்யலாம். அலுவலரிடம் மனுதான் கொடுக்கலாம், திங்கள்கிழமை.

2025 ஏப்ரலில் ஒரு நல்ல சட்டம் நிறைவேறியது: ஒவ்வோர் உள்ளாட்சி மன்றத்திலும் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்க வழி. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அவர் போய் உட்கார வேண்டிய மன்றமே 28 மாவட்டத்துக் கிராமங்களில் அப்போது இல்லை.

வேறு இடங்களில் எப்படி? இலங்கையில் பிரதேச சபை, நகர சபை உறுப்பினர் இடம் காலியானால் மக்கள் ஓட்டுப் போடுவதில்லை; அவரை நிறுத்திய கட்சியின் செயலாளர் வேறு ஒருவரின் பெயரை எழுதிக் கொடுப்பார். நாற்காலி சீக்கிரம் நிரம்பும்; உறுப்பினர் கட்சித் தலைமையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். முழுச் சபையும் காலியாவது என்று வந்தால் அங்கேயும் நம் கதைதான். 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய தேர்தலைப் பணம் இல்லை என்று தள்ளினார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லி, 2025 மே 6-ல்தான் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மற்ற ஊர்களிலும் வாக்குப்பதிவு நடந்தது. இங்கிலாந்தின் பாரிஷ் கவுன்சில்களில் நிலைமை நேர் எதிர். அங்கே காலியிடத்தை அறிவித்த பிறகு, உள்ளூர் வாக்காளர்கள் 10 பேர் எழுதிக் கேட்டால் தேர்தல். கேட்கவில்லை என்றால் கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். பல ஊர்களில் அந்த 10 பேர்கூடச் சேர்வதில்லை. மக்களின் ஆர்வமின்மை என்ற விளக்கம் அங்கே பொருந்தும். அதை எடுத்துவந்து பாப்பாபட்டிக்கும் ஈரோட்டுக்கும் ஒட்டுவதுதான் தவறு.

பக்கத்தில் கேரளா இருக்கிறது. 1995-லிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடத்துகிறார்கள். நடுவில் காலியாகும் வார்டுகளையும் சும்மா விடுவதில்லை. 2024 டிசம்பர் 10-ல் 31 வார்டுகளுக்கு இடைத்தேர்தல், 2025 பிப்ரவரியில் அடுத்த தவணை. ஒவ்வொரு வார்டு முடிவையும் தொலைக்காட்சியில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று அலசுகிறார்கள். வார்டு மறுவரையறை அங்கேயும் நடந்தது. அதையும் முடித்து, 2025 டிசம்பர் 9, 11 தேதிகளில் முழுத் தேர்தலையும் நடத்திவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட 9 மாவட்டங்களுக்கு ஐந்தாண்டு முடிவது 2026 அக்டோபரில். நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2027 தொடக்கத்தில். அதற்கு முன்பே வார்டு எல்லைகள் அரசிதழில் வர வேண்டும், இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பட்டியல் வர வேண்டும், வார்டுவாரி வாக்காளர் பட்டியல் வர வேண்டும். மூன்றுக்கும் சில மாதங்களாவது தேவை.